நெருக்கடியும் சுங்கத் தீர்வையும்

ஒரு நாட்டிற்குள் வரும் சரக்கின்மீது எவ்வளவு தீர்வை விதிப்பது என்பதை யார் முடிவு செய்வது? அமெரிக்க அரசியலமைப்பு இதற்கு ஐயமற விடை கூறுகிறது. வரியும் சுங்கமும் விதிக்கும் உரிமை, காங்கிரஸ் எனப்படும் சட்டமன்றத்தைச் சார்ந்தது. ஆயினும், மன்றம் கூடி விவாதித்து முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடக் கூடுமாதலால், நெருக்கடி வேளையில் ஜனாதிபதி விரைந்து செயற்படச் சில அதிகாரங்களை அது அவருக்கு வழங்கியது. வழங்கியதைத் திரும்பப் பெறுவது எவ்வாறு என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

1971 ஆகஸ்டில் ஜனாதிபதி நிக்சன் தேசிய நெருக்கடியை அறிவித்து, தீர்வைக்குரிய இறக்குமதிப் பொருள்கள்மீது 10 சதவிகிதம் மேல்வரி விதித்தார். அவ்வரி நான்கே மாதங்களில் நீங்கிற்று. நெருக்கடி அறிவிப்புகளோ எளிதில் நீங்குவனவாக இல்லை. 1933இல் செய்யப்பட்ட ஓர் அறிவிப்புகூட அன்றுவரை உயிரோடிருந்தது! எனவே காங்கிரஸ் 1976இல் ஒரு சட்டம் இயற்றியது. இரு சபைகளும் சாதாரணப் பெரும்பான்மையால் தீர்மானித்தால் நெருக்கடி முடிந்துவிடும். ஜனாதிபதியின் கையொப்பம் வேண்டியதில்லை. 1977இல் பிறந்த சர்வதேச நெருக்கடிக்காலப் பொருளாதார அதிகாரச் சட்டம் இந்தப் பூட்டை நம்பியே எழுதப்பட்டது.

அப்பூட்டைக் கழற்றியது சுங்கத்தோடு சற்றும் தொடர்பில்லாத ஒரு வழக்கு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜகதீஷ் ராய் சத்தா என்பவர் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றவர். அனுமதிக் காலம் முடிந்த பின்னும் அவர் அங்கே தங்கலாம் எனக் குடியேற்ற நீதிபதி இசைந்தார். பிரதிநிதிகள் சபை தனித் தீர்மானத்தால் அதை ரத்துச் செய்தது. ஜனாதிபதியின் முன் வைக்கப்படாத தீர்மானம் சட்டத்தின் வலிமை பெறாது என்று சுப்ரீம் கோர்ட் 1983இல் தீர்ப்பளித்தது. மாணவராக வந்த ஒருவரின் வழக்கில் பிறந்த இத்தீர்ப்பு, நெருக்கடிச் சட்டத்தின் பூட்டையும் செல்லாக்காசாக்கிவிட்டது.

1985இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி தீர்மானம் ஜனாதிபதியின் கையொப்பத்துக்குச் செல்ல வேண்டும். தாம் செய்த அறிவிப்பைத் தகர்க்க அவரே கையொப்பமிடுவாரா? அவர் மறுத்தால் இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் ஆதரவு தேவை. அதாவது, 100 பேர் கொண்ட செனட் சபையில் 34 பேர் அவர் பக்கம் நின்றால் போதும்.

இதன் விளைவு 2025இல் தெரிந்தது. ஜனாதிபதி டிரம்ப் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, கனடா முதலிய பல நாடுகளின் பொருள்கள்மீது தீர்வை விதித்தார். இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று கூறும் அச்சட்டத்தில் தீர்வை என்ற சொல்லே இல்லை. கனடா பற்றிய நெருக்கடியை முடிக்க, செனட் ஏப்ரலில் 51க்கு 48 என்ற வாக்குகளால் தீர்மானித்தது. இத்தகைய தீர்மானங்களைக் குறித்த நாள்களுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பிரதிநிதிகள் சபையோ, அக்கூட்டத் தொடரின் எஞ்சிய நாள்கள் இதற்கு நாள்களாகக் கொள்ளப்படா என முன்னரே முடிவு செய்திருந்தது. சூரியன் உதித்தது, மறைந்தது. சபையின் கணக்கில் மட்டும் பொழுது புலரவில்லை!

அச்சட்டம் தீர்வை விதிக்க இடந்தரவில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2026 பிப்ரவரியில் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதற்குள் இறக்குமதி வணிகர்கள் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் தீர்வையைச் செலுத்தியிருந்தனர்.