படகு மின்னணுக் கருவிகளின் கம்பியிணைப்பும் புவியிணைப்பும்

படகு மின்னணுக் கருவிகளின் கம்பியிணைப்பு என்பது வி.எச்.எப். வானொலி (வயர்லெஸ்), ஜி.பி.எஸ்., எதிரொலி ஆழமானி (எக்கோ சவுண்டர்) போன்ற கருவிகளைப் படகின் பேட்டரியுடன் இணைக்கும் முறையாகும். இது வீட்டு மின்னிணைப்பிலிருந்து வேறுபட்டது. படகில் பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட் நேர்திசை மின்னோட்டமே பயன்படுகிறது. எர்த் கம்பியைப் புதைக்க மண் இல்லை. உப்புக் காற்று செம்பை ஓயாமல் அரிக்கிறது.

முக்கியத்துவம்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கைப்பேசிச் சைகை கரையை ஒட்டிய பகுதிக்கு அப்பால் எட்டுவதில்லை. மீன்பிடிப் படகுகளில் ஒரு இலட்சம் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் ஒன்றிய அரசின் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. கருவி எவ்வளவு சிறந்ததாயினும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி கெட்டால் பயன் இல்லை.

மறைந்திருக்கும் பழுது

வி.எச்.எப். வானொலி செய்தி கேட்கும்போது ஏறத்தாழ அரை ஆம்பியர் மின்னோட்டமே எடுக்கும். 25 வாட் திறனில் பேசும்போது 5 முதல் 6 ஆம்பியர் வரை எடுக்கும். பாசம் பிடித்த ஓர் இணைப்பில் அரை ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். கேட்கும்போது இழப்பு கால் வோல்ட் மட்டுமே. ஒலி தெளிவாக இருக்கும். பேசும் பொத்தானை அழுத்தினால் இழப்பு 3 வோல்ட் அளவுக்கு உயர்ந்து, 12 வோல்ட் 9 ஆகக் குறையும். பல கருவிகள் அந்த நிலையில் அணைந்துவிடும். அதாவது, நாள்தோறும் நன்றாக வேலை செய்த வானொலி உதவி கேட்கும் நேரத்தில் கைவிடக்கூடும்.

கம்பியும் உருகியும்

பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தொலைவில் உள்ள கருவிக்குப் போகவும் திரும்பவும் மொத்தம் 12 மீட்டர் கம்பி வேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 6 ஆம்பியருக்கு அரை வோல்ட், அதாவது 4 விழுக்காடு இழப்பு ஏற்படும். 4 சதுர மி.மீ. கம்பியில் அது 3 விழுக்காட்டுக்குள் அடங்கும். இன்றியமையாத கருவிகளுக்கு 3 விழுக்காடே ஏற்கத்தக்க வரம்பு.

வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்புக் கம்பியே கடலுக்கு ஏற்றது. ஒற்றை இழைக் கம்பி அதிர்வில் முறியும். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவதைத் தவிர்த்து, முனைகளில் லக் அழுத்திப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு நேர்முனைக் கம்பிக்கும் பேட்டரிக்கு அருகிலேயே உருகி (ஃப்யூஸ்) தேவை. உருகி தொலைவில் இருந்தால், இடைப்பட்ட கம்பி உரசிக் குறுக்கிணைப்பு ஏற்படும்போது தீயைத் தடுக்க ஒன்றும் இராது.

புவியிணைப்பின் மூன்று பணிகள்

படகில் ‘எர்த்’ என்னும் ஒரே சொல் மூன்று வேறு பணிகளைக் குறிக்கிறது.

முதலாவது, மின்னோட்டம் திரும்பும் வழி. எல்லாக் கருவிகளின் எதிர்முனைக் கம்பிகளும் பேட்டரிக்கு அருகே ஒரே பொதுப் பட்டையில் சேர வேண்டும். இரும்புப் படகின் உடலைத் திரும்பும் கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, அரிப்புத் தடுப்பு. வெண்கல விசிறியும் எஃகுத் தண்டும் கடல்நீரில் ஒரு மின்கலம்போல் செயல்படுகின்றன. அவற்றோடு இணைத்த துத்தநாகக் கட்டி தான் அரிந்து மற்றவற்றைக் காக்கிறது. படகின் அடியில் தேங்கும் நீரில் நேர்முனைக் கம்பி கசிந்தால், உலோகங்கள் மிக விரைவாக அரிக்கப்படும்.

மூன்றாவது, இடி தாங்குதல். ஃபைபர் படகின் உடல் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே கம்பத்தின் உச்சியிலிருந்து தடித்த செம்புக் கம்பியை வளைவின்றி இறக்கி, நீரில் மூழ்கிய குறைந்தது 0.1 சதுர மீட்டர் பரப்புள்ள உலோகத் தகட்டோடு இணைக்கின்றனர். இது முதன்மையாக ஆட்களையும் படகையும் காப்பதற்கானது. கருவிகள் தப்பும் என்பதற்கு உறுதியில்லை.

இடையூறு

சில எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எப். அலைகளைக் குலைப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2018இல் எச்சரித்தது. இதைக் கண்டறிய, அமைதியான ஓர் அலைவரிசையில் இரைச்சல் சற்றே அடங்கும் வரை ஸ்குவெல்ச் திருகியைச் சரிசெய்து, பின் விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் மீண்டும் எழுந்தால் விளக்கே காரணம். திசைகாட்டிக்கு அருகே செல்லும் நேர்முனை, எதிர்முனைக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் அவற்றின் காந்தப்புலங்கள் பெரிதும் நீங்கும், முள் விலகாது.

சோதனை

பேட்டரியில் மட்டும் மின்னழுத்தத்தை அளந்தால் போதாது. மல்டிமீட்டரைக் கருவியின் பின்புற முனைகளில் வைத்து, முழுத் திறனில் பேசும்போது அளக்க வேண்டும். அவசர அழைப்புக்குரிய 16ஆம் அலைவரிசையில் (156.8 மெகாஹெர்ட்ஸ்) இச்சோதனையைச் செய்யாமல், வழக்கமான பேச்சு அலைவரிசையில் செய்வதே முறை. பேட்டரியின் அளவுக்கும் கருவியின் அளவுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், கரையிலேயே இணைப்புகளைப் பிரித்துச் சுத்தம் செய்த பின்னரே படகு கடலுக்குச் செல்ல வேண்டும்.