ஐம்பது ஆண்டு எழுத்து கணினியில் ஏறிய கதை

தேக்காவுக்குப் போகும் நம்மவர்கள் நகைக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கை நிறையப் பைகளுடன் பேருந்து ஏறிவிடுவது வழக்கம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் விக்டோரியா ஸ்திரீட்டில் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இருக்கின்றது. நம் மொழிக்கு அங்கே நடந்திருக்கும் ஒரு காரியத்தைத் தோட்டத்து வாசகர்களும் அறிய வேண்டும்.

1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. அன்று முதல் 2015 வரை அங்கே வெளியான தமிழ் இலக்கிய நூல்களைத் தேடிப்பிடித்து, பக்கம் பக்கமாகக் கணினியில் ஏற்றினார்கள். திரு. அருண் மகிழ்நன் தலைமையில் ஒரு குழு தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து செய்த வேலை இது. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் மக்களுக்குக் கிடைத்தன.

படம் எடுத்து ஏற்றுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் முழுவதும் அதற்கு முன்னும் பின்னுந்தான். நூலுக்கு உரியவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆசிரியர் காலமாகியிருந்தால் பிள்ளைகளைத் தேட வேண்டும். அப்புறம், கணினி படித்துக் கொடுக்கும் எழுத்தில் ‘ர’வும் ‘ா’வும் குழம்பிக் கிடக்கும். அதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தத் தொண்டூழியர்கள் உட்கார வேண்டியிருந்தது. பிழைதிருத்திப் பழகிய எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அந்த முதுகுவலி தெரியும்!

இதற்கெல்லாம் வழி வெட்டியவர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. நா. கோவிந்தசாமி (1946–1999) பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானவர். ‘தேடி’ என்ற நூலுக்காக 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்ற கதாசிரியர். அந்நாளில் ஒருவர் கணினியில் அடித்த தமிழ், மற்றொருவர் கணினியில் கோழி கிளறியதுபோலத் தெரியும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனிக் கணக்கு இருந்ததே காரணம். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைக்க விசைப்பலகையில் இடமேது? உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று; இந்த 31ஐ வைத்துக்கொண்டால், மற்ற 216 உயிர்மெய்யையும் கணினியே கூட்டிக்கொள்ளும். நாம் முதலாம் ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே பாடம்! இந்த வழியில் சிந்தித்துக் ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை அவர் உருவாக்கினார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய தொகுப்பை 1995இல் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது, அதில் தமிழ் தமிழாகவே தெரிந்தது. அதன்பின் நான்கே ஆண்டுகளில் அவர் மறைந்துவிட்டார்.

தாளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1981இல் அங்கே நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. 2005 முதல் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவருகின்றது.

நம் தோட்டங்களில் தீ வேண்டாம், கறையானே போதும். தோட்டம் துண்டாடப்பட்டுப் பள்ளி இடம் மாறும்போது முதலில் தொலைவது பழைய தாள்களே. எங்கள் பள்ளி ஆண்டு மலர்களில் மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று.

சிங்கப்பூரில் இலக்கியத்தோடு நிற்காமல் நாடகம், நடனம், இசை என்றும் தொகுத்தார்கள். நாடகத்துக்கு அச்சு நூல் ஏது? நிகழ்ச்சி ஏடு, அழைப்பிதழ், நிழற்படம், கையெழுத்துப் பிரதி என்று பலரிடமிருந்து திரட்ட வேண்டியதாயிற்று.

உங்கள் தாத்தா மேடையேறிய திருவிழா நாடகத்தின் பிரதி டிரங்குப் பெட்டியில் இருந்தால், வெளியே எடுங்கள். கைப்பேசியால் படம் எடுப்பவர்கள் சன்னல் வெளிச்சத்தில் எடுக்கட்டும். பக்கத்தின் நான்கு மூலைகளும் தெரியட்டும். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் தனித்தாளில் எழுதி, முதல் படமாக அதை எடுத்துவிடுங்கள்.