வட்டமும் சதுரமும்

பழையாறு பாயும் நாஞ்சில் நாடு நெல்வளம் மிக்கது. அங்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என ஆண்டுக்கு இரு போகம் விளையும். இயந்திரங்கள் வருவதற்கு முன்னர், அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளைச் சுற்றிச் சுற்றி நடத்திப் போரடித்தனர். மாடுகள் சுற்றி வரும் களம் வட்டமாக அமைவது இயல்பு. அதனை வரைவதும் எளிது. நடுவில் ஒரு முளையை அறைந்து, அதில் 10 அடி நீளமுள்ள கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை சுற்றி வந்தால் வட்டம் கிடைத்துவிடும்.

உழவர் ஒருவர் அவ்வட்டக் களத்தை விடுத்து, அதே பரப்புள்ள சதுரக் களம் ஒன்றை அமைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். சதுரத்தின் பக்கம் எத்தனை அடி இருத்தல் வேண்டும்? வினா மிகச் சிறியதாகவே தோன்றும். ஆயினும், பல நாட்டுப் பேரறிஞர்களை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வருத்தி வந்தது இவ்வினாவேயாகும்.

வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் அதன் பரப்புக் கிடைக்கும் என்பது கணக்கதிகாரம் முதலிய பழந்தமிழ்க் கணக்கு நூல்கள் கூறும் விதி. சுற்றளவு விட்டத்தைப்போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணையே நாம் 'பை' என்று வழங்குகிறோம். அதன் மதிப்பு 3.14159265 எனத் தொடங்கி முடிவின்றிச் செல்வது. கன்னியாகுமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு சேர்ந்திருந்தது. அதற்கு வடக்கே, சேரநாட்டுச் சங்கமக் கிராமத்தில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மாதவர் என்னும் கணித அறிஞர், இவ்வெண்ணைக் காண்பதற்கு முடிவிலாத் தொடர் ஒன்றைக் கண்டறிந்தார். பத்துத் தசம தானங்கள் வரையில் பிழையற்ற மதிப்பையும் கூறினார்.

பை என்னும் எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், நம் களத்தின் பரப்பு ஏறத்தாழ 314.16 சதுர அடி. அதற்குச் சமமான சதுரத்தின் பக்கம், பையின் வர்க்கமூலத்தைப்போல் பத்து மடங்காகும். எனவே, பையின் வர்க்கமூலத்தைக் கண்டுவிட்டால் உழவரின் வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

எண்களால் அதனைக் காணும் வழி ஒன்று உண்டு. முதலில் 1.75 என்று ஓர் எண்ணை ஊகித்துக்கொள்க. பையை அதனால் வகுத்தால் 1.7952 வரும். ஊகித்த எண் சிறிதாயின் ஈவு பெரிதாகும். அது பெரிதாயின் ஈவு சிறிதாகும். ஆகவே, உண்மையான விடை அவ்விரண்டிற்கும் இடையில் இருக்கும். இரண்டின் சராசரி 1.7726. பையை இதனால் மீண்டும் வகுத்துச் சராசரி கண்டால் 1.772454 கிடைக்கும். இரண்டே முறையில் ஐந்து தசம தானங்கள் சரியாக வந்துவிட்டன! உழவர் 17.72 அடி அளந்தால் போதும்.

ஆனால், வடிவகணித அறிஞர் இதனோடு அமைதி பெறவில்லை. எண்களின் துணையின்றி, கயிற்றையும் முளையையும் மட்டும் கொண்டு, அதாவது அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு, மிகச் சரியான அச்சதுரத்தை வரைய இயலுமா என்று அவர்கள் வினவினர். நம் நாட்டில் வேள்விக் களங்களை அமைத்தோர்க்குச் சுல்வ சூத்திரங்கள் இதற்கு அண்ணளவான முறைகளை வகுத்துத் தந்தன. கிரேக்க நாட்டு அனக்சகோரஸ் சிறையிலிருந்தபோதும் இதனையே ஆராய்ந்தார் என்பர். காலப்போக்கில், "யான் கண்டுவிட்டேன்" என்று உரிமை கொண்டாடியவர்கள் எண்ணற்றோர். அவர்கள் விடுத்த தவறான தீர்வுகள் பெருகவே, பாரிசு நகரத்து அறிவியற் கழகம், இத்தகைய கட்டுரைகளை இனி ஆராய்வதில்லை என 1775இல் முடிவு செய்தது.

இறுதித் தீர்ப்பு 1882இல் கிடைத்தது. அளவுகோலாலும் கவராயத்தாலும் பெறத்தக்க நீளங்கள் யாவும், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலங் காணல் என்னும் ஐந்து செயல்களால் முழு எண்களிலிருந்து எட்டத்தக்கவையே. பை என்னும் எண் அவ்வகைக்குள் அடங்காதது என்பதை செருமானிய அறிஞர் லிண்டமன் ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். பை அடங்காதெனின், அதன் வர்க்கமூலமும் அடங்காது. ஆகவே, மிகச் சரியான அச்சதுரத்தை அவ்விரு கருவிகளால் எவரும் வரைய இயலாது.

எனின், இனிச் செய்யத்தக்கது யாதும் இல்லையோ? உண்டு என்று காட்டியவர் ஒரு தமிழ்நாட்டு இளைஞர். ஈரோட்டில் 1887இல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், கணிதம் ஒன்றிலேயே மனம் செலுத்தியதால் கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், வட்டத்தைச் சதுரமாக்குவது பற்றி அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று வெளிவந்தது. 355ஐ 113ஆல் வகுத்தால் 3.1415929 வரும். பைக்கு மிக நெருங்கிய இப்பின்னம், ஐந்தாம் நூற்றாண்டிலேயே சீன அறிஞர் சூ சொங்சி அறிந்தது. இதன் வர்க்கமூலத்தைச் சில கோடுகளால் பெறும் வழியை இராமானுசன் வகுத்தார்.

அம்முறையை நீங்களும் வரைந்து பார்க்கலாம். 12 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டத்தை வரைந்து, விட்டத்தின் முனைகளை அ, ஆ எனக் குறியுங்கள். ஆ முனையிலிருந்து 2 அங்குலம் தள்ளி, விட்டத்திற்குச் செங்குத்தாக வட்டம்வரை ஒரு கோடு எழுப்புங்கள். அதன் நீளத்தின் வர்க்கம், 10ஐ 2ஆல் பெருக்க வரும் 20 ஆகும். அதே நீளமுள்ள ஆஇ என்னும் நாணை வரையுங்கள். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணமாதலால், அஇயின் வர்க்கம் 144இலிருந்து 20 போக 124. இனி, அஇயில் பாதி நீளமுள்ள அஈ என்னும் நாணை வரையுங்கள். அதன் வர்க்கம் 31. ஆகவே, ஆஈயின் வர்க்கம் 144இலிருந்து 31 போக 113. நாம் வேண்டிய எண்களுள் ஒன்று இதோ தோன்றிவிட்டது!

அடுத்து, ஈ என்னும் புள்ளி இருக்கும் பக்கத்திலோ எதிர்ப்பக்கத்திலோ, அ முனையில் வட்டத்திற்குத் தொடுகோடு வரைந்து, அதில் அஇயின் மூன்றில் ஒரு பங்கினை அஉ என வெட்டுங்கள். ஆஉவின் வர்க்கம், 144உடன் 124இன் ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டியது. அது 355இன் ஒன்பதில் நான்கு பங்காகும். மற்றோர் எண்ணும் வந்துவிட்டது. ஈ, உ இரண்டையும் இணையுங்கள். ஆஈயின்மேல் ஆவிலிருந்து 9 அங்குலம் அளந்து, அப்புள்ளி வழியே ஈஉவிற்கு இணையாக ஒரு கோடு வரைந்தால், அது ஆஉவை ஓரிடத்தில் வெட்டும். ஆவிலிருந்து அவ்விடம்வரை உள்ள நீளமே சதுரத்தின் பக்கம். அது ஏறத்தாழ 10.63 அங்குலம்.

இதன் நுட்பம் எத்தகையது? வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றால், இம்முறையில் வரும் பக்கம் உண்மை நீளத்தைவிட ஏறத்தாழ ஓர் அங்குலமே மிகும் என்று இராமானுசன் குறித்துள்ளார். அது தமிழ்நாட்டின் பரப்பைப்போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. அதற்குச் சமமான சதுரத்தின் பக்கம் 374 மைல். குமரி முனையிலிருந்து சென்னைக்கு நேர்கோடிட்டு அளந்தால் வரும் தொலைவைவிட அது சிறிதே குறைந்தது. அத்துணை நீளத்தில் பிழை ஓர் அங்குலம்! 1914இல் இதனினும் நுட்பமான வேறொரு முறையையும் அவர் வெளியிட்டார்.

மாணவர்களே! இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இத்துணை நெருங்கி வந்தும், தம் சதுரம் வட்டத்திற்குச் சரியாகச் சமம் என்று இராமானுசன் எழுதவில்லை; 'ஏறத்தாழச்' சமம் என்றே எழுதினார். எஞ்சிய ஓர் அங்குலத்தையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். முழுதும் கண்டுவிட்டோம் என்று முழங்கிய பலர் மறக்கப்பட்டனர். தாம் கண்டது எவ்வளவு, காணாதது எவ்வளவு என்று அளந்து சொன்னவரை உலகம் இன்றும் போற்றுகிறது. களத்து நெல்லை அளப்பவனுக்கு மட்டுமன்றி, அறிவை அளப்பவனுக்கும் மரக்கால் நேர்மையாக இருத்தல் வேண்டும். அதனை நாமும் கைக்கொள்வோமாக.