ரயில் நின்றது... பசுமை வந்தது!



பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருக்கிறீர்களா? மலையைச் சுற்றி 14 கி.மீ. நடக்க வேண்டும். அந்தப் பாதையின் நடுவில் ஒரே ஒரு கிலோமீட்டரை மட்டும் சுவர் வைத்து அடைத்து விட்டால் என்ன ஆகும்? 'மீதி 13 கி.மீ. இருக்கிறதே' என்று சும்மா இருக்க முடியுமா? முடியாது. கிரிவலமே நின்று போகும். பாதை என்றால் அது தொடர்ந்து போக வேண்டும். அறுந்து போனால் அது பாதை அல்ல, வெறும் துண்டு நிலம்.

இந்த உண்மையைப் புரிந்துகொண்டு, ரயில் ஓடாத ஒரு பழைய இருப்புப் பாதையை முழுசாகக் காப்பாற்றிய நாட்டைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம். அது சிங்கப்பூர். நம் தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் நாடு!

மீட்டர் கேஜ் ரயில்

சிங்கப்பூரின் தெற்கே தஞ்சோங் பகார் என்ற இடத்தில் 1932-ல் பெரிய ரயில் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கிருந்து கிளம்பும் ரயில்கள் வடக்கே உட்லண்ட்ஸ் வரை போய், கடலின் குறுக்கே உள்ள பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் நுழையும்.

அது மீட்டர் கேஜ் பாதை. அதாவது, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர் இடைவெளி. நம் விழுப்புரம் - காட்பாடி பாதையும் முன்பு மீட்டர் கேஜ்தான். தாத்தா, பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். இப்போது அது அகலப்பாதை. இடைவெளி 1,676 மி.மீ.

அந்தக் கால மலாயா ரயில்வேயில் தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். நம் பக்கத்திலிருந்து போனவர்கள் தண்டவாளம் போட்டார்கள். யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் ஸ்டேஷன் மாஸ்டராகவும் குமாஸ்தாவாகவும் இருந்தார்கள்.

1965-ல் சிங்கப்பூர் தனி நாடானது. ஆனால், அந்த ரயில் பாதையும் அதன் நிலமும் மலேசிய ரயில்வேயிடமே இருந்தன. 2010-ல் இரு நாடுகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. 2011 ஜூன் 30 அன்று இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. அதை ஓட்டிச் சென்றவர் யார் தெரியுமா? மலேசியாவின் ஜோகூர் மாநில சுல்தான்!

விற்றால் கோடி கோடி!

ரயில் நின்றுவிட்டது. சுமார் 24 கி.மீ. நீளமுள்ள நிலம் சும்மா கிடக்கிறது. கிரிவலப் பாதையை விட 10 கி.மீ. அதிகம். என்ன செய்யலாம்?

சிங்கப்பூர் மிகச் சிறிய நாடு. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அதற்குள் சுமார் 60 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அங்கே நிலம் தங்கம் போல. துண்டு துண்டாக விற்று அடுக்குமாடிகள் கட்டினால் கோடி கோடியாகப் பணம் கிடைக்கும். வீடுகளும் தேவைதானே?

ஆனால், சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தினர் 2010-லேயே அரசுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "இந்தப் பாதையை வெட்டாதீர்கள். முழுவதையும் பசுமை வழியாக வைத்திருங்கள்" என்றார்கள். ஏன்?

முதல் காரணம், விலங்குகள். புக்கித் தீமா என்ற காட்டை ஒட்டி இந்தப் பாதை போகிறது. அந்தக் காட்டில் எறும்புத்தின்னி கூட உண்டு. நகரத்தின் நடுவே தனித்தனியாக இருக்கும் பசுமைப் பகுதிகளை இந்தப் பாதை சங்கிலி போல இணைக்கிறது. பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக அதுவே வழி.

இரண்டாவது காரணம், மனிதர்கள். ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. அதனால் ரயில் பாதையை மெல்லிய சரிவாகவே போடுவார்கள். அப்படிப்பட்ட பாதையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் சிரமம் இருக்காது. பெரிய சாலைகள் வரும் இடத்தில் பாலம் ஏற்கனவே இருக்கிறது!

நடுவில் ஒரு துண்டை விற்றாலும் இந்த இரண்டு பயனும் போய்விடும். பொதுமக்கள் பலரும் இதே கருத்தைச் சொன்னார்கள். அரசும் ஏற்றுக்கொண்டது. பாதை அறுபடாமல் காக்கப்படும் என்று முடிவானது.

தண்டவாளங்களைக் கழற்றி மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். பழைய இரும்புப் பாலங்கள் இரண்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2021-ல், நடுப்பகுதியில் 4 கி.மீ. நீளப் பாதை சீரமைத்துத் திறக்கப்பட்டது. 2022-ல் புக்கித் தீமா ரயில் நிலையம் பழைய தோற்றத்துடன் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே கொஞ்சம் தண்டவாளத்தை நினைவுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னும் சில இடங்கள்

* அமெரிக்காவின் நியூயார்க்கில், தூண்களின் மேல் சரக்கு ரயில் ஓடிய பாதை ஒன்று உண்டு. 1980-ல் ரயில் நின்றது. காற்றும் பறவைகளும் கொண்டு வந்த விதைகள் தாமாக முளைத்தன. பாதையை இடிக்க நினைத்தபோது மக்கள் தடுத்தார்கள். 2009 முதல் அது பூங்கா. பெயர், ஹை லைன்.

* நம் பக்கத்து பெங்களூரில் பழைய மத்திய சிறைச்சாலை 2008-ல் பூங்காவானது. பெயர் என்ன தெரியுமா? சுதந்திரப் பூங்கா! சிறையின் காவல் கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

நம் பக்கத்தில் ரயில் பாதைகளை விடப் பழைய நீளப் பாதை ஒன்று உண்டு. அதுதான் ஏரிக்கும் குளத்துக்கும் மழைநீரைக் கொண்டு வரும் வரத்துக் கால்வாய். பல ஊர்களில் அது குப்பையும் புதரும் மண்டிக் கிடக்கிறது. பலர் கண்ணுக்கு அது வெறும் காலி இடம். ஆனால், நடுவில் பத்தடி தூர்ந்தாலும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும், குளம் காய்ந்துவிடும். தூர்வாரி, இரு கரையிலும் மரம் வைத்தால்? தண்ணீரும் வரும், நிழலும் கிடைக்கும்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு, கரையோரமாகப் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் கால்வாய் அறுந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். அதை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வகுப்பே சேர்ந்து கையெழுத்துப் போட்டு, உங்கள் பகுதி கவுன்சிலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ரயில் ஓடும் தண்டவாளத்தில் ஒருபோதும் நடக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து; சட்டப்படி குற்றமும் கூட. மழைக்காலத்தில் கால்வாய்க்குள்ளும் இறங்கக் கூடாது.

வரைபடம் போட நோட்டையும் பென்சிலையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டீர்கள்தானே?