உங்களை எடை போடாமலேயே விமானத்தின் எடையை எப்படி கணக்கிடுகிறார்கள்?

ஏர்போர்ட்டில் பெட்டி ஒரு கிலோ கூடினாலும் விடமாட்டார்கள். ஆனால் 60 கிலோ ஆளையும் 100 கிலோ ஆளையும் எடை பார்க்காமலேயே ஏற்றுகிறார்கள். அப்படின்னா விமானத்தின் மொத்த எடை விமானிக்கு எப்படித் தெரியும்?

கணக்கு இதுதான்

காலி விமானத்தை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தராசில் ஏற்றி எடை பார்ப்பார்கள். போயிங் 737-800 என்றால் சுமார் 41 டன். எரிபொருளை அளவுமானி காட்டும். பெட்டிகளின் எடை கவுன்ட்டரிலேயே தெரிந்துவிடும். பயணிகளுக்கு மட்டும் சராசரி எடைதான்! எல்லாவற்றையும் கூட்டி 'லோடு ஷீட்' தயாராகும். புறப்படும் வேகம், இன்ஜின் விசை எல்லாமே அதை வைத்துத்தான்.

'மிஸ்' செய்த குழப்பம்

2020 ஜூலை 21. பிரிட்டனின் பர்மிங்காமில் இருந்து மயோர்க்கா தீவுக்கு டூயி ஏர்வேஸின் 737 புறப்பட்டது. 'மிஸ்' என்று பதிவு செய்த 38 பெண்களை சாஃப்ட்வேர் குழந்தைகளாக எடுத்துக்கொண்டது. ஒருவருக்கு 69 கிலோவுக்குப் பதில் 35 கிலோ! லோடு ஷீட்டில் இருந்ததைவிட விமானம் 1,244 கிலோ அதிகம். இந்தக் கணக்குகளில் கூடுதல் பாதுகாப்பு இடைவெளி விட்டிருப்பதால் விமானம் பத்திரமாகப் பறந்தது. ஆனாலும் விசாரணையில் இது 'தீவிர சம்பவம்' என்றே பதிவானது.

சராசரி எப்போது ஏமாற்றும்?

180 பேர் இருந்தால் குண்டானவர், ஒல்லியானவர் என்று கணக்கு சரிக்கட்டிவிடும். சிறிய விமானத்தில் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட் நகரில் 19 இருக்கைகள் கொண்ட ஏர் மிட்வெஸ்ட் விமானம் விழுந்து, அதில் இருந்த 21 பேரும் இறந்தனர். பராமரிப்பில் நடந்த தவறோடு, பின்பக்கம் அதிகமான எடையும் காரணம். லோடு ஷீட்டின்படி எல்லாம் சரியாகவே இருந்தது. பயணிகளின் உண்மையான எடை, பழைய சராசரியைத் தாண்டியிருந்தது. அதன்பிறகு அமெரிக்கா சராசரி எடையை உயர்த்தியது.

இப்போது என்ன செய்கிறார்கள்?

2023-ல் ஏர் நியூசிலாந்து, ஆக்லாந்தில் விருப்பப்பட்ட பயணிகளை எடை பார்த்தது. யாருடைய எடை எவ்வளவு என்று வெளியே தெரியாது. தேவை சராசரி மட்டுமே.

நாளை உங்களையும் யாராவது தராசில் ஏறச் சொன்னால் கூச்சப்பட வேண்டாம். கூடுதல் கட்டணம் கேட்பதற்காக அல்ல, கணக்கு தப்பாமல் இருக்கத்தான்!