ஒரு வருஷம் ஊறிய வாட்டர் பிளாக்: பழைய கூலிங் பாகங்களைக் கழுவி எடுத்து வைப்பது எப்படி?

சேலையூர்ல இருக்கிற என் நண்பன் ஒருத்தன் வேலைக்காக வெளிநாடு கிளம்பினான். போறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின வாட்டர் கூலிங் செட்டை ஒரு கட்டைப்பையில போட்டு என்கிட்ட கொடுத்தான். "ஒரு வருஷமா சும்மாதான்டா கிடந்துச்சு, நல்லாத்தான் இருக்கும்"னான். பையைத் திறந்தா குளத்துப் பாசி நாத்தம். டியூபுக்குள்ள இன்னும் தண்ணி நின்னுட்டு இருந்தது.

இன்னைக்கு எபிசோட் அந்தப் பையைப் பத்திதான். ஏன்னா இந்த மாதிரி பாகங்களை நம்மள்ல நிறைய பேர் செகண்ட் ஹேண்ட்ல வாங்குறோம். ஒரு ஊசி ஓட்டை போதும், தண்ணி நேரா கிராஃபிக்ஸ் கார்டு மேலதான் சொட்டும்.

முதல் வேலை, எது செம்பு, எது அலுமினியம்னு பிரிக்கிறது. ரேடியேட்டருக்குக் கருப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்க, பார்த்தா தெரியாது. ஃபின் ஓரத்துல ஊசியால லேசா சுரண்டுங்க. சிவப்பு தெரிஞ்சா செம்பு, வெள்ளையா இருந்தா அலுமினியம். இரண்டும் ஒரே தண்ணியில இருந்தா ஒரு பேட்டரி மாதிரி ஆயிடும், அதுல அலுமினியம்தான் கரையும். என் நண்பன் செம்பு பிளாக்கோட ஒரு மலிவான அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்திருந்தான். போர்ட் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தேன், உள்ளே வெள்ளை மாவு மாதிரி படிஞ்சிருந்தது. அதைக் கழுவவே இல்லை, பழைய இரும்புக் கடைக்கு எடுத்து வச்சுட்டேன்.

அடுத்தது தண்ணி. தயவுசெஞ்சு போர் தண்ணியில கழுவாதீங்க. தாம்பரம், பல்லாவரம் பக்கம் பூமிக்கடியில இருக்கிறது சார்னோகைட் பாறை. 1890கள்ல ஹாலந்துங்கிற புவியியலாளர், கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வச்சு இந்தப் பேரைக் கொடுத்தார். பரங்கிமலைப் பக்கத்துப் பாறை இன்னைக்கு தேசிய புவியியல் நினைவுச்சின்னம். (இதுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனா சொல்லாம இருக்க முடியலை.) விஷயம் என்னன்னா, பாறை இடுக்குலயும் மண்ணுலயும் தேங்கி வர்ற தண்ணி கால்சியம், மெக்னீசியம் எல்லாத்தையும் கரைச்சு எடுத்துட்டு வரும். நம்ம பக்கெட்ல, ஷவர்ல படியுற அதே வெள்ளைக் கறைதான். இந்திய தரநிலைப்படி குடிநீர்ல கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம், வேற தண்ணி இல்லேன்னா 2000 வரைக்கும் ஏத்துக்கிறாங்க. குடிக்க அது சரி. ஆனா சிபியூ பிளாக்குக்குள்ள இருக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. கேன் தண்ணியிலயும் கொஞ்சம் உப்பு இருக்கும். அதனால டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்க. பேட்டரிக் கடையில கிடைக்கிற பாட்டில்ல 'டிமினரலைஸ்டு'ன்னு போட்டிருந்தாலும் கழுவுறதுக்குப் போதும். ஆசிட் கலந்த பேட்டரித் தண்ணியை மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க.

செம்பு ரேடியேட்டருக்குச் சூடான டிஸ்டில்ட் வாட்டரைப் பாதி அளவு ஊத்தி, மூடி, கை வலிக்கிற வரைக்கும் குலுக்கி, வெள்ளைக் கிண்ணத்துல கொட்டிப் பாருங்க. எனக்கு முதல் தடவை டீ கலர்ல வந்தது, ஏழாவது தடவைதான் தெளிஞ்சது.

பிளாக்கைப் பிரிக்கும்போது, முதல்ல போன்ல போட்டோ எடுத்துக்குங்க. உள்ள கொழகொழன்னு வெள்ளையா ஒண்ணு அடைச்சிருந்தா அது பாசி இல்லாமலும் இருக்கலாம். மெல்லிய பிவிசி டியூப்ல இருந்து கசியுற பிளாஸ்டிசைசர் அது. பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, சாஃப்ட் டூத் பிரஷ், ஃபின் ஓடுற திசையிலேயே தேய்ச்சா போயிடும். வெறும் செம்பு கறுத்திருந்தா, நம்ம வீட்டுப் புளிதான் நினைவுக்கு வரும். அம்மா செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறதும் அதே ஆசிட் வேலைதான். ஆனா புளியோட சக்கை ஃபின்ல மாட்டிக்கும், பொடி போட்டா கீறல் விழும். அதனால வெள்ளை வினிகரையும் டிஸ்டில்ட் வாட்டரையும் சரிபாதி கலந்து, அஞ்சு பத்து நிமிஷம் ஊறவச்சு, நல்லா அலசுங்க. வினிகர் ஊத்தின எதையும் இறுக்கி மூடாதீங்க, உப்புக்கறையோட சேர்ந்து கேஸ் வரும். நிக்கல் பூசின பிளாக்குக்கு வினிகரும் வேண்டாம், புளியும் வேண்டாம், சோப்புத் தண்ணி மட்டும். அக்ரிலிக் பாகத்துல ஆல்கஹாலோ தின்னரோ பட்டா மெல்லிசா வெடிப்பு விழும். கொதிக்கிற தண்ணியும் அதுக்கு ஆகாது.

ரப்பர் ஓ-ரிங் தட்டையா ஆகியிருந்தா மாத்திடுங்க. தடவுறதுக்கு சிலிக்கான் கிரீஸ்தான், வேசலின் கிடையாது. ஈபிடிஎம் ரப்பர் அதுல உப்பிப்போகும்.

பழைய கூலன்ட்டைத் தொட்டிச் செடிக்கோ, தெருவுல திறந்த சாக்கடைக்கோ ஊத்தாதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போயிடும். குழந்தைங்க இருக்கிற வீட்லயும் அதே பயம்தான். பாட்டில்ல அடைச்சு, பெரிசா 'விஷம்'னு எழுதி உயரத்துல வைங்க. வாங்கிக்கிற கார் சர்வீஸ் சென்டர் இருக்கான்னு விசாரிச்சுக் கொடுங்க.

இப்போ காய வைக்கிறது. பஞ்சர் கடை கம்ப்ரசர்ல ஊதிடலாமேன்னு தோணும். அந்தக் காத்துல எண்ணெயும் ஈரமும் இருக்கும், வேண்டாம். ஃபேனுக்குக் கீழே போர்ட்டைக் கவுத்து வச்சு, அப்பப்ப திருப்பி, மூணு நாள் விடுங்க. ஐப்பசி, கார்த்திகைல ஒரு வாரம்.

காஞ்சதும் போர்ட்டுக்கு மூடி போட்டு, சிலிக்கா ஜெல்லோட ஜிப் கவர்ல போடுங்க. பேப்பர்ல சுத்தாதீங்க, நியூஸ்பேப்பர் ஈரத்தை இழுக்கும். ஸ்குரூவுக்குத் தனிக் கவர். வெளியில தேதி, எந்த கூலன்ட் ஓடுச்சு, எந்த ஓ-ரிங் மாத்தினீங்கன்னு எழுதுங்க.

கட்டிலுக்கு அடியில மட்டும் வைக்காதீங்க. 2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்ததை இங்க யாரும் மறக்கலை. பரண்தான் சரி.

திரும்ப மாட்டும்போது, மதர்போர்டுக்குக் கரன்ட் கொடுக்காம, பம்ப்பை மட்டும் 24 மணி நேரம் ஓட விட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வச்சுப் பாருங்க. பம்ப் தண்ணி இல்லாம ஓடக் கூடாது, அதை மறந்துடாதீங்க. நண்பனோட செட்ல ரெண்டு பிளாக்கும் பம்பும் தேறிடுச்சு. டிஷ்யூல ஒரே ஒரு இடத்துல ஈரம். ஒரு ஃபிட்டிங்ல ஓ-ரிங் போட மறந்திருந்தது நான்தான்.