பாரிஸ் நகரின் பொதுக் கார்: ஆறரை ஆண்டு ஓடி நின்ற கதை!

கார் வேண்டும். ஆனால், கார் வாங்க வேண்டாம். டிரைவர் வேண்டாம். பெட்ரோல் செலவு இல்லை. நிறுத்தி வைக்க ஷெட்டும் தேவை இல்லை!

பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிசில் இப்படி ஒரு வசதி இருந்தது. அதன் பெயர், "ஆட்டோலிப்".

2011-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி அது தொடங்கியது. நகரசபைகள் இடம் கொடுத்தன. பொல்லோரே என்ற கம்பெனி காரை விட்டது.

அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும்

தெரு ஓரங்களில், வெள்ளி நிறத்தில் சின்னஞ்சிறு மின்சாரக் கார்கள் நிற்கும். 4 பேர் உட்காரலாம். சந்தாதாரர் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். மின்சார வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிச் செல்ல வேண்டியதுதான்!

எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது இல்லை. போகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள நிலையத்தில் விடலாம். ஓட்டிய நேரத்துக்குத்தான் வாடகை.

மக்கள் விரும்பினார்கள். கார்கள் சுமார் 4 ஆயிரம் ஆயின. நிலையங்கள் ஆயிரத்தைத் தாண்டின. 2018-ல் சந்தாதாரர்கள் சுமார் 1½ லட்சம் பேர்!

குப்பையும் போட்டியும்

பிறகு ஏன் நின்றது?

எல்லோருக்கும் சொந்தமான கார், யாருக்கும் சொந்தம் இல்லாத கார் ஆகிவிட்டது. காருக்குள் குப்பை கிடக்கிறது என்று பலர் குறை கூறினார்கள். இரவில் வீடு இல்லாதவர்கள் சிலர் அதில் படுத்து உறங்கினார்கள்.

செல்போனில் கூப்பிட்டால் டிரைவருடன் வாசலுக்கே வரும் வாடகைக் கார்களும் போட்டிக்கு வந்தன. பொதுக் காரை எடுப்பது குறைந்தது.

நஷ்டம் யார் தலையில்?

ஒப்பந்தம் 2023 வரை. அதற்குள் நஷ்டம் 29 கோடி யூரோவைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள். கம்பெனி ஏற்க வேண்டியது 6 கோடி மட்டுமே. மீதியை நகரசபைகள் தர வேண்டும் என்றது ஒப்பந்தம். அதாவது, காரில் ஏறாதவரின் வரிப் பணமும் போகும்!

"அவ்வளவு தர முடியாது" என்று நகரசபைகள் மறுத்தன. 2018 ஜூன் 21-ந் தேதி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடிவு எடுத்தன. ஜூலை 31-ந் தேதியோடு ஆட்டோலிப் நின்றது. அதை நம்பிச் சொந்தக் கார் வாங்காமல் இருந்தவர்கள் வேறு வழி தேடினார்கள்.

ஓடும் காரும் உண்டு

பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில், "மொபிலிட்டி" என்ற கூட்டுறவுச் சங்கம் 1997-ல் ஏற்பட்டது. அதன் கார்கள் இன்றும் ஓடுகின்றன. அங்கே பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே காரை விட வேண்டும். அதனால் ஓர் இடத்தில் கார் குவிந்து, இன்னோர் இடம் காலியாகக் கிடக்கும் தொல்லை இல்லை.

பொதுவில் கார் வைப்பது கெட்ட யோசனை அல்ல. அதைத் துடைப்பது யார், நஷ்டத்தைச் சுமப்பது யார் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்!